வெரிஃபை பண்ணியாச்சா?

பெரம்பலூருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் புதிதாக ஊடகத் துறை ஆரம்பித்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற நிருபர் என்ற முறையில் என்னை அழைத்து, சால்வை போர்த்தி, ‘செய்தியும் வெரிஃபிகேஷனும்’ என்று தலைப்புக் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். தலைப்பில் பாதியாவது தமிழாக இருந்ததில் எனக்குச் சந்தோஷம்.

பேச ஆரம்பிப்பதற்குள் முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். “சார், உங்க காலத்துல ஒரு நியூஸ வெரிஃபை பண்றதுக்கு என்ன டூல் யூஸ் பண்ணீங்க?”

“மொபெட்” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பின்னால் இருந்த ஒரு பையன் மட்டும் செல்போனில் எதையோ தட்டிவிட்டு, “சார், அது ஃப்ரீயா, காசு கட்டணுமா?” என்று கேட்டான். கிண்டல் செய்கிறானா, நிஜமாகவே கேட்கிறானா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் சொல்ல நினைத்தது எதையும் சொல்லவில்லை. நேரமும் முடிந்துவிட்டது. சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் நிருபர் ஆனது பெரிய கதை இல்லை. திருச்சி அலுவலகத்தில் சில மாதம் மற்றவர்கள் எழுதியதைப் படியெடுத்தேன், தலைப்புக்கு எத்தனை எழுத்து கொள்ளும் என்று எண்ணக் கற்றுக்கொண்டேன். பிறகு ஒரு நாள் கூப்பிட்டு, “நீ பெரம்பலூர் போ” என்றார்கள். அத்துடன் பயிற்சி முடிந்தது. அன்று முதல் அலுவலகத்தில் என் பெயரும் போய்விட்டது. போனை எடுத்தால், “என்னய்யா பெரம்பலூர்?” என்பார்கள். பெரம்பலூரிலிருந்து அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது, திரும்பச் சேர்ந்தது, மறுபடி பிரிந்தது. அரசாங்கம் எத்தனை முறை மனதை மாற்றிக்கொண்டாலும் இரண்டு ஊருக்கும் நான் ஒருவனேதான். எந்த ஊர்ச் செய்தியோ, அன்றைக்கு என் பெயர் அந்த ஊர்.

செய்தி ஆசிரியர் தர்மராஜன் சார். மெலிந்த உடம்பு, மெலிந்த குரல். ஒற்றைத் தலைவலிக்காக நெற்றியில் எப்போதும் ஈரக் கைக்குட்டை வைத்திருப்பார். அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் ‘ராஜா’ என்று கூப்பிடுவார். அவர் ‘ராஜா’ என்றதும் வண்டிச் சாவியைத் தேடாத நிருபர் அந்தப் பதிப்பில் கிடையாது.

அப்போதெல்லாம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து செய்தியைப் படித்துக் காட்ட வேண்டும். முழுவதையும் குறுக்கிடாமல் கேட்பார். பூத்தில் மீட்டர் மட்டும் ஓடும். நான் முடித்ததும் கேட்பார். “வெரிஃபை பண்ணியா?” அந்த வார்த்தைக்கு அவரிடம் மூன்று பகுதி உண்டு. நீ பார்த்தாயா? பார்க்கவில்லை என்றால், பார்த்தவர் யார்? ‘அப்படி நடக்கவே இல்லை’ என்று சொல்கிறவர் என்ன சொல்கிறார்? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் பேனா எடுக்க மாட்டார். பேனா தாளில் கீறும் சத்தம் போனில் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும்.

வேலைக்கு வந்த புதிதில் வேப்பந்தட்டை மாணிக்கம் காலமானார். ஒன்றியக் கவுன்சிலராக இருந்தவர், வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஆள். பஸ் ஸ்டாண்டில் பூக்கடைக்காரர் சொன்னார், பஸ் கண்டக்டர் சொன்னார். ஏழைகளின் நண்பர், எளிமையின் இருப்பிடம் என்று அடுக்கி ஓர் இரங்கல் செய்தி எழுதிக்கொண்டு பூத்துக்கு ஓடினேன்.

“பாத்தியா?” என்றார் தர்மராஜன் சார்.

“காரு காரா மாலை போகுது சார்.”

“மாலை போறது தெரியுது ராஜா. மாணிக்கம் போயிட்டாரா?”

மொபெட்டை எடுத்துக்கொண்டு வேப்பந்தட்டை போனேன். வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, கையில் கண்ணாடியுடன் மாணிக்கம் முகம் மழித்துக்கொண்டிருந்தார். பாதி முகத்தில் நுரை. இறந்தது அதே தெருவில் கடலை மில் வைத்திருந்த இன்னொரு மாணிக்கம். நான் உளறிக்கொட்டி வந்த காரணத்தைச் சொன்னதும் கவுன்சிலர் கோபப்படவில்லை. “என்னையப் பத்தி என்ன எழுதியிருக்க, படி பாப்போம்” என்றார். படித்தேன். கண்ணை மூடிக் கேட்டார்.

“‘ஏழைகளின் நண்பர்’னு போட்டிருக்க பாரு, அது நல்லாருக்கு. ‘முன்னாள்’ங்கறத மட்டும் எடுத்துரு. அடுத்த தடவ நிக்கலாம்னு இருக்கேன். கிழிச்சுப் போட்டுறாத, பத்திரமா வெச்சிரு.”

சிரித்துக்கொண்டே பெரம்பலூர் திரும்பி, பூத்துக்குள் நுழைந்து நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் சிரிப்பு வரவில்லை.

“சரி. செத்துப்போன மாணிக்கத்தப் பத்தி என்ன எழுதிட்டு வந்த?”

ஒன்றும் எழுதவில்லை. சாவு வீட்டுக்கு நான் போகவே இல்லை. மறுபடியும் மொபெட்.

தர்மராஜன் சார் ஓய்வு பெற்ற பிறகு அந்த வார்த்தைக்கு உடம்பு இளைக்க ஆரம்பித்தது. முதலில், வெரிஃபை பண்ணுவது என்றால் காவல் நிலையத்துக்கு போன் செய்வது என்று ஆனது. ஏட்டு “ஆமாங்க” என்றால் உண்மை. “விசாரிச்சிட்டிருக்கோம்” என்றால் பாதி உண்மை, தலைப்பில் ஒரு கேள்விக்குறி போதும். அப்புறம் அதற்கும் சோம்பல் வந்தது. பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஐந்து பேப்பர் நிருபர்களும் கூடுவோம். ஒருவர் கொண்டுவந்ததை மற்ற நால்வரும் எழுதிக்கொள்வோம். மறுநாள் ஐந்து பேப்பரிலும் ஒரே செய்தி, எழுத்துப் பிழை உட்பட. திருச்சியில் ஐந்தையும் பரப்பி வைத்துப் பார்த்துவிட்டு, “எல்லாத்துலயும் ஒரே மாதிரி வந்திருக்கு, கரெக்டாத்தான் இருக்கும்” என்பார்கள். பிறகு டிவி வந்தது. டிவியில் கீழே ஓடினால் அதுவே அத்தாட்சி.

இந்தக் காலத்தில்தான் எங்கள் பகுதியில் டைனோசர் முட்டையிட்டது. ஓர் ஊரில் ஏரியைத் தூர் வாரும்போது உருண்டை உருண்டையாகக் கல் வந்தது. எங்கள் பக்கம் ஒரு காலத்தில் கடலாக இருந்த பூமி. மண்ணைத் தோண்டினால் கிளிஞ்சலும் நத்தையும் கல்லாகிக் கிடப்பது எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் அன்றைக்கு ஒரு டிவிக்காரர் மைக்கை நீட்டி, “இவை டைனோசர் முட்டைகளா?” என்று ஏரியைப் பார்த்துக் கேட்டார். ஏரி பதில் சொல்லவில்லை. மத்தியானத்துக்குள் கேள்விக்குறி உதிர்ந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது ஒவ்வொரு கல்லுக்கும் மஞ்சள், குங்குமம், சூடம். திருச்சியிலிருந்து போன் வந்தது. “டிவில ஓடுது சார். வெரிஃபை ஆயிருச்சு. நீங்க கலர் மட்டும் அனுப்புங்க.” கலர் என்றால் மக்கள் வியப்பு, சூடம், கூட்டம்.

மறுநாள் ஒரு நிலவியல் பேராசிரியர் வந்து ஒரு கல்லை உடைத்துக் காட்டினார். உள்ளே பழைய கடல் நத்தை, அதைச் சுற்றி இறுகிய களிமண். கூட்டத்தில் ஒருவர் முந்தின நாளே ஒரு கல்லை வீட்டுக்குத் தூக்கிப்போய் வைக்கோலில் பொதிந்து வைத்திருந்தார். அவர் ரொம்ப மரியாதையாகக் கேட்டார். “அப்ப இது பொரிக்காதுங்களா சார்?” எங்கள் பேப்பரில் தலைப்பு இப்படி வந்தது: ‘டைனோசர் முட்டை: நிபுணர்கள் மறுப்பு’. மறுக்கப்பட்டாலும் முட்டை முட்டையாகவே இருந்தது.

கடைசிக் கட்டத்தில் இணையப் பிரிவு என்று ஒன்று தொடங்கி, கௌதம் என்ற இளைஞரைச் சென்னையிலிருந்து பொறுப்பாளராகக் கொண்டுவந்தார்கள். கெட்டிக்காரர், மரியாதை தெரிந்தவர். எங்களுக்கெல்லாம் செல்போன் வழியாக வகுப்பு எடுத்தார். ‘வெரிஃபைடு சோர்ஸ்’ என்றால் பெயருக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் ஒரு டிக் இருக்கும், அந்தக் கணக்கில் வந்தால் தைரியமாக எடுத்துப் போடலாம் என்றார்.

“தம்பி, அந்த டிக் யார் போட்டது?” என்றேன்.

“பிளாட்ஃபார்ம் சார்.”

“எனக்குத் தெரிஞ்ச பிளாட்ஃபார்ம் அரியலூர் ஸ்டேஷன்லதான் இருக்கு. இது யாரு?”

அவர் பொறுமையாக விளக்கினார். கொஞ்ச நாளில் அந்த டிக்கை மாதச் சந்தா கட்டி வாங்கிக்கொள்ளலாம் என்றும் வந்துவிட்டது. எனக்கு அந்த வார்த்தை மீதே சந்தேகம் வந்து, நூலகத்தில் பெரிய ஆங்கில அகராதியை எடுத்துப் பார்த்தேன். லத்தீனிலிருந்து வந்த சொல்லாம். ‘உண்மை’ என்று ஒரு பாதி, ‘ஆக்கு’ என்று மறு பாதி. உண்மையாக்கு! நானும் தர்மராஜன் சாரும்தான் இத்தனை வருடம் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தோம் போலிருக்கிறது. ஒன்று உண்மையா என்று பார்ப்பது இல்லை வேலை. கையில் கிடைத்ததை உண்மையாக்கிவிடுவதுதான் வேலை. அந்த விதத்தில் எங்கள் இணையப் பிரிவு லத்தீன் இலக்கணப்படியே நடந்துகொண்டிருந்தது.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே எழுதிவிடலாம். மீன்சுருட்டிக்கு அந்தப் பக்கம் நடந்ததை அப்படி எழுத வரவில்லை.

ஊருக்கு ஊர் ‘பிள்ளை பிடிக்கிறவர்கள்’ வந்திருப்பதாகச் செல்போனில் வதந்தி பறந்துகொண்டிருந்த நேரம் அது. நான் தாலுகா அலுவலகத்தில் வருடாந்தர வருவாய்க் கணக்குப் பார்க்கும் ஜமாபந்தி செய்திக்காக ஜெயங்கொண்டத்தில் இருந்தேன். கௌதம் கூப்பிட்டார்.

“சார், மீன்சுருட்டி தாண்டி ஒரு வில்லேஜ்ல பிள்ளை கடத்துற வடநாட்டுப் பொம்பள ஒருத்தி மாட்டியிருக்கா. வீடியோ வந்திருச்சு. கொஞ்சம் வெரிஃபை பண்ணிருங்க.”

“போயிப் பாத்துட்டுச் சொல்றேன் தம்பி. அதுவரைக்கும் போடாதீங்க.”

“போட்டாச்சு சார். நீங்க வெரிஃபை மட்டும் பண்ணுங்க.”

மொபெட் போய் ஸ்கூட்டர் வந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். போகிற வழியில் நிறுத்தி வீடியோவைப் பார்த்தேன். ஒரு பெண்ணை நாலைந்து பேர் இழுக்கிறார்கள். பின்னால் ஒரு குழந்தை வீறிடுகிறது. ‘பிஞ்சைக் கடத்த முயன்ற பாதகி’ என்று எங்கள் பேப்பரின் பெயருடன் எழுத்து ஓடியது.

அந்த ஊரில் ஊராட்சிக் கட்டடத்தின் முன்னால் நல்ல கூட்டம். திண்டில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். தலைமுடி கலைந்து, கண்ணாடி வளையல் உடைந்து கையில் கீறியிருந்தது. ஒரு காதில் தோட்டைக் காணோம், ரத்தம் கழுத்து வரை காய்ந்திருந்தது. அவளிடமிருந்து பத்தடி தள்ளி ஓர் அம்மாள் மூன்று வயதுப் பையனை இடுப்பில் வைத்து, வாயில் கிரீம் பிஸ்கட்டைத் திணித்துக்கொண்டிருந்தாள். பையன் நல்ல சிவப்பு. அந்தப் பெண் கறுப்பு. கூட்டத்துக்கு அதுவே முதல் அத்தாட்சி.

செல்லதுரை என்ற இளைஞன் எல்லாவற்றையும் செல்போனில் நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அவனே விளக்கினான்.

“கடையில பிஸ்கட் வாங்கினா சார். புள்ள இன்னொன்னு வேணும்னு அழுதிச்சு. இவ இழுத்துட்டுப் போறா. அது ‘வுடு, என்னைய வுடு’ன்னு கத்துது. தமிழ்ல சார்! நல்லா நம்மூட்டுப் புள்ள மாதிரி தமிழ் பேசுது. இவளுக்குத் தமிழே வர்ல. இந்தியில ஏதோ திட்றா. அப்ப இது யாரு புள்ள, சொல்லுங்க?”

“அவங்ககிட்ட கேட்டீங்களா?”

“கேட்டோமே. ப்ரூஃப் காட்டுன்னோம். இல்லங்கறா.”

அந்த நேரம் பையன் பிஸ்கட்டைத் துப்பிவிட்டு, அந்தப் பெண்ணின் பக்கம் கையை நீட்டி, “அம்மா, அம்மா” என்று அழுதான். இடுப்பில் வைத்திருந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. “பாருங்க, பெத்தவளத் தேடுது புள்ள. எவ வயிறு எரியுதோ!” என்றாள்.

கூட்டத்தில் ஒருவர்கூட அந்தக் கை எந்தப் பக்கம் நீள்கிறது என்று பார்க்கவில்லை. கெட்டவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. அந்த அம்மாள் உண்மையிலேயே அழுதாள்.

எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். பெயர் பசந்தி. ஒடிசா. புருஷன் அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. புருஷனின் தங்கை இங்கே செங்கல் சூளையில் இருக்கிறாள், அவளைப் பார்க்க வந்த பசந்தி தவறான இடத்தில் இறங்கிவிட்டாள். செல்போனை யாரோ பிடுங்கிக்கொண்டார்கள். புருஷன் நம்பர் அதில்தான் இருக்கிறது. இதைச் சொல்லும்போதும் அவள் என்னைப் பார்க்கவில்லை. பையனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பையனிடம் போனேன். “பேரு என்னடா?”

“குனு.”

“எந்த ஸ்கூலு?”

“ராணி டீச்சர்” என்றான் விம்மலுக்கு நடுவே.

அரியலூரில் எங்கள் பேப்பர் ஏஜெண்டைக் கூப்பிட்டேன். சிமெண்ட் ஆலைப் பக்கத்துக் குடியிருப்பில் ராணி என்று அங்கன்வாடி டீச்சர் யாராவது உண்டா? பேப்பர் போடுகிறவருக்குத் தெரியாத வீடு கிடையாது. சிறிது நேரத்தில் நம்பர் கிடைத்தது. செல்வராணி போனை எடுத்தார்.

“குனுவா? ஆமா சார், எங்க சென்டர் புள்ளதான். பசந்தி மகன். ஏன் சார், அவனுக்கு என்ன ஆச்சு?”

ஸ்பீக்கரில் போட்டு எல்லோரையும் கேட்கவைத்தேன். செல்லதுரை ஒத்துக்கொள்ளவில்லை. “போன்ல யாரு வேணா பேசலாம் சார்” என்றான். “நானே நேர்ல வரேன், அவங்க மேல யாரும் கை வெக்காம பாத்துக்கங்க” என்று சொல்லிச் செல்வராணி போனை வைத்துவிட்டார்.

உடனே கௌதமைக் கூப்பிட்டேன். “தம்பி, அது அவ பெத்த புள்ள. வீடியோவ எடுத்துருங்க.”

“சார், போலீஸ் கன்ஃபர்ம் பண்ணட்டும். அப்புறம் எடுக்கறேன்.”

“போலீஸ் கன்ஃபர்ம் பண்ணாமத்தான போட்டீங்க?”

“அது பிரேக்கிங் சார்.”

“இது?”

“இது கிளாரிஃபிகேஷன்.”

இதற்குள் போலீஸ் வந்துவிட்டது. சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பெண். கூட்டத்தை விலக்கி, முதல் வேலையாகப் பசந்திக்குத் தண்ணீர் கொடுத்தார். பாதுகாப்புக்காக இருவரையும் ஸ்டேஷனுக்கு ஏற்றினார். ஆனால் ஜீப்பிலும் பையன் அம்மா மடியில் இல்லை. ஒரு பெண் காவலரின் மடியில். “வெரிஃபை ஆகாம ஒப்படைக்க முடியாது சார், நாளைக்கு ஒண்ணுன்னா நான்தான் பதில் சொல்லணும்” என்றார் என்னிடம். அவர் சொன்னதில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

ஸ்டேஷன் வாசலுக்கும் கூட்டம் வந்தது. வெயிலில் அவ்வளவு தூரம் கணவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்த செல்வராணி இறங்கினார். பையன் காவலர் மடியிலிருந்து, “டீச்சர்!” என்று கத்தினான். அவர் கிட்டே போய், “ஏன்டா, மூக்கெல்லாம் ஒழுகுது?” என்று முந்தானையால் துடைத்துவிட்டு, பிறகுதான் எங்களைப் பார்த்தார்.

“மேடம், இவன் பொறந்ததே அரியலூர்லதான். ஒரு வயசுலேருந்து எங்கிட்டதான் வரான். வூட்டுல அவங்க பாஷ, எங்கிட்ட தமிழ். தமிழ் சொல்லிக்குடுத்ததே நான்தான். அது தப்பாப் போச்சா?”

செல்லதுரை செல்போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினான். “நீங்க அங்கன்வாடி டீச்சர்ங்கறதுக்கு என்ன ப்ரூஃப்?”

“என்ன ப்ரூஃபா?”

“ஐடி கார்டு எங்க?”

“அடுப்புல ஒலைய வெச்சுட்டு அப்படியே ஓடியாரேன். கார்டு வூட்டுல இருக்கு.”

“அப்ப நீயும் கூட்டாளியா இருக்கலாம்ல?”

செல்வராணி அவனைத் திட்டவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். சப்-இன்ஸ்பெக்டர் செல்லதுரையை வெளியே அனுப்பினார். ஆனாலும் செல்வராணியிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். “நான் நம்பறேம்மா. ஆனா எனக்கு அஃபீஷியலா ஏதாவது வேணும்.”

அஃபீஷியல் சாயங்காலம் வெள்ளைக் காரில் வந்தார். ஸ்டேஷனிலிருந்து சிமெண்ட் ஆலைக்கு போன் செய்து வரவழைத்த தொழிலாளர் ஒப்பந்தக்காரர். இஸ்திரி கலையாத சட்டை, காதில் ஓயாத போன். பசந்தியின் புருஷன் ஒப்பந்தக்காரரின் கையாள் ஒருவரின் பைக்கில் பின்னாலேயே வந்து, வேலைச் சட்டையோடு, சிமெண்ட் தூசி படிந்த தலையோடு கேட்டுக்கு வெளியே நின்றான். அவனை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. ஒப்பந்தக்காரருக்கு நாற்காலி போட்டார்கள்.

“இவங்க உங்க ஆளுங்கதானா சார்?” என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

“எஸ் மேடம். மை லேபர்.”

“இந்தக் குழந்தை?”

“எஸ், எஸ். தெயர் சைல்ட்.”

சப்-இன்ஸ்பெக்டர் நிம்மதியாக மூச்சு விட்டார். “அப்ப வெரிஃபைடுன்னு போட்டுக்கலாம்” என்று எழுத ஆரம்பித்தார். பையனைத் தாயிடம் கொடுத்தார்கள். அவன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்ததும், அவ்வளவு நேரம் அழாதிருந்த பசந்தி சத்தம் போட்டு அழுதாள். ஒப்பந்தக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் கேட்டார். “இந்தப் பொம்பள எந்த லேபரோட ஒய்ஃபு சார்? உங்களுக்குத் தெரியுமா?”

நான் கேட்டுக்கு வெளியே நின்றவனைக் காட்டினேன்.

மூக்கைத் துடைத்து, பெயர் சொல்லி, தமிழ் கற்றுக்கொடுத்தவரின் பேச்சு எடுபடவில்லை. யாருடைய மனைவி என்றே தெரியாதவரின் ஓர் ‘எஸ்’ எடுபட்டது. பசந்தியின் காதைப் பிய்த்தது யார் என்று விசாரிக்கப் போவதாகச் சப்-இன்ஸ்பெக்டர் சொன்னார். அவர் மனதாரத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த ஊரில் அன்றைக்கு அங்கே இருந்ததாக ஒருவரும் பிறகு ஒத்துக்கொள்ளவில்லை. செல்லதுரைகூட, அவ்வளவு நேரம் நேரலை ஓட்டியவன், தான் அப்போது ஜெயங்கொண்டத்தில் இருந்ததாகச் சொன்னான்.

எங்கள் இணையப் பக்கத்தில் அன்றே, ‘வதந்தியால் பரபரப்பு’ என்று நாலு வரி வந்தது. அதற்கு மேலே வீடியோ அப்படியே இருந்தது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் திருச்சி போய், கௌதமின் மேசைக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

“என்ன சார் இவ்ளோ தூரம்?”

“ஒண்ணுமில்ல தம்பி. நீங்க அத எடுக்கறதப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

“ரிமூவ் பண்ணா ரீச் போயிரும்னு மேல கேப்பாங்க சார். எனக்கும் பிரஷர் இருக்கு.”

“கேக்கட்டும். நான் இங்கதான் இருக்கேன், நானே சொல்றேன்.”

அவர் டீ வாங்கித் தந்தார். குடித்தேன். சாப்பாட்டு நேரம் வந்தது. எழுந்திருக்கவில்லை. அவர் வேலை பார்ப்பதுபோல் திரையைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கடைசியில் அவர் அந்தப் பெண்ணின் காதைத் திரையில் ஒரு முறை பெரிதாக்கிப் பார்த்தார். எதற்காகப் பார்த்தாரோ தெரியாது. பிறகு எடுத்துவிட்டார். “ஸாரி சார்” என்று என்னிடம் சொன்னார். சொல்ல வேண்டிய ஆள் நானில்லை என்றேன். அதற்குள் பசந்தியின் குடும்பம் ஊருக்கு ரயில் ஏறிவிட்டது என்று செல்வராணி பிறகு சொன்னார். அவர்கள் திரும்பி வரவே இல்லை.

நாங்கள் எடுத்துவிட்டோமே தவிர, அதற்குள் மற்றவர்கள் அதைத் தங்கள் செல்போனில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீடியோ தமிழ்நாடு முழுக்க ஊர் மாற்றி, பெயர் மாற்றி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் ஓய்வு பெற்றுவிட்டேன், அதற்கு ஓய்வில்லை.

போன மாதம் எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. அனுப்பியது என் மச்சான் மகன் கார்த்தி. ‘நேற்று சேலத்தில் பிடிபட்ட கும்பல், உங்கள் குழந்தைகளைக் காப்பாற்ற அனைவருக்கும் பகிரவும்’ என்று மேலே எழுதியிருந்தது. கையை இழுக்கிற அதே கைகள், பின்னால் அதே வீறிடல். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டித் தட்டி, நடந்தது முழுவதையும் எழுதினேன். இது சேலம் இல்லை, நேற்றும் இல்லை, அந்தப் பெண் பெயர் பசந்தி, குழந்தை அவளுடையது. எழுதி முடிக்க அரைநாள் ஆனது. நாற்பது வருட வேலையில் அவ்வளவு கவனமாக நான் எதையும் எழுதியதில்லை.

கார்த்தி பதில் போட்டான். “இதுக்கு லிங்க் ஏதாவது இருக்கா மாமா?”

“நான் அங்க நின்னேன்டா” என்று எழுதினேன்.

“அது சரி மாமா. வெரிஃபைடு சோர்ஸ் இருந்தா போடுங்களேன்.”

அடுத்து குரூப்பின் நிர்வாகி, அதாவது கார்த்தியின் அப்பா, பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், என் செய்திக்கு நேர் கீழே அறிவிப்புப் போட்டார்: “உறவுகளுக்கு வணக்கம். வெரிஃபை செய்யப்படாத தகவல்களைத் தயவுசெய்து நமது குழுவில் பகிர வேண்டாம்.”

அதற்கு வரிசையாகக் கட்டைவிரல்கள் எழும்பின. முதல் கட்டைவிரல் என் மனைவியுடையது. அடுக்களையிலிருந்து அவள் குரல் கேட்டது.

“ஏங்க, நான் அந்த வீடியோவச் சொல்றாருன்னு நெனச்சுப் போட்டுட்டேங்க.”